டெனர் சாக்ஸுக்கு எபோனைட் மவுத்பீஸ்: வைத்துக்கொள்ளும் முன் வாசித்துப் பார்க்கும் முறை

டெனர் சாக்ஸபோனோடு வந்த பிளாஸ்டிக் மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் முனையை மாற்றிவிட்டு எபோனைட், அதாவது கெட்டி ரப்பர் மவுத்பீஸ் வாங்க நினைப்பவருக்கு நெல்லைப் பக்கம் ஒரு சிரமம் உண்டு. பத்து மவுத்பீஸை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து எடுக்கிற வசதி பக்கத்தில் கிடைப்பது அரிது. சென்னையிலிருந்தோ கேரளத்திலிருந்தோ ஒன்றிரண்டு கூரியரில் வரும். இல்லையென்றால் பேண்டு செட்டில் உடன் வாசிக்கிற அண்ணன் ஒருவர் தன்னுடையதை ஒரு வாரத்துக்குக் கொடுப்பார். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கொஞ்ச நாளில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் டோனைப் பார்க்கிறார்கள். புது மவுத்பீஸில் முதல் பத்து நிமிடம் எல்லாம் பிரமாதமாகவோ எல்லாம் மோசமாகவோதான் கேட்கும். இரண்டையும் நம்ப வேண்டாம். சாக்ஸ் கசியாமல் இருக்கிறதா, மவுத்பீஸ் நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, ரீட் (மவுத்பீஸில் கட்டும், அதிர்கிற நாணல் சீவல்) ஒத்துப்போகிறதா, சுருதி நிற்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். டோன் கடைசி. டோன் பிடிக்கவில்லை என்று ஒதுக்கப்படுகிற மவுத்பீஸ்களில் பலவற்றுக்கும் உண்மையான குறை ரீடிலோ, சாக்ஸின் துளைகளை மூடும் பேடிலோ இருக்கும்.

முதலில் சாக்ஸ்

பேட் கசிகிற சாக்ஸில் எந்த மவுத்பீஸைப் போட்டாலும் கீழ் ஸ்வரங்கள் திணறும், பழி மவுத்பீஸ் மேல் விழும். கசிவு அடிக்கடி வரும் இடங்கள் ஜி ஷார்ப் பேட், லோ சி ஷார்ப் பேட், நெக்கில், அதாவது மவுத்பீஸ் ஏறும் வளைந்த மேல்குழாயில் இருக்கும் ஆக்டேவ் பேட் மூன்றும். பேட்டரியில் எரிகிற எல்.இ.டி. சரம் ஒன்றைக் குழாய்க்குள் இறக்கி, இருட்டறையில் ஒவ்வொரு பேடாக மூடிப் பாருங்கள். விரலை லேசாக வைத்தே மூட வேண்டும். அழுத்தி மூடினால் கசிகிற பேடும் அடைத்துக்கொள்ளும், ஆனால் வாசிக்கும்போது யாரும் அந்த அளவுக்கு அழுத்துவதில்லை. பேடின் ஓரத்தில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே கசிவு. நெக் உடம்போடு சேருகிற இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் பழைய மவுத்பீஸில் கடைசிக் கீழ் ஸ்வரமான லோ பி பிளாட் வரைக்கும் மெதுவாக இறங்குங்கள். இறங்க முடிகிறது என்றால் புதியதைச் சோதிக்கலாம். பழைய மவுத்பீஸைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம், சோதனை முழுக்க அதுதான் அளவுகோல்.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மவுத்பீஸின் மேல் 5, 6, 7 அல்லது நட்சத்திரம் போட்ட எண் இருக்கும். ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே உள்ள திறப்பைத்தான் அது குறிக்கிறது. ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 7 ஆகாது. ஆகவே கேட்க வேண்டியது மில்லிமீட்டர் கணக்கு, அல்லது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்ற கணக்கு. ஓட்டோ லிங்க் டெனரில் 5 நட்சத்திரம் என்றால் ஆயிரத்தில் 85, அதாவது ஏறக்குறைய 2.16 மி.மீ. அதே கம்பெனியில் 7 என்றால் ஆயிரத்தில் 100, அதாவது 2.54 மி.மீ. மாணவர் சாக்ஸோடு வரும் யமஹா 4சி ஏறக்குறைய 1.7 மி.மீ. தான். அதில் பழகிய வாய் ஒரே தாவலாக 2.67 மி.மீ. உள்ள 7 நட்சத்திரத்துக்குப் போனால் கையில் இருக்கும் நாளெல்லாம் உதட்டோடு மல்லுக்கட்டவே சரியாக இருக்கும். முதல் எபோனைட்டுக்கு 2.1 முதல் 2.4 மி.மீ. வரை போதும் என்பது எங்கள் கணிப்பு. சர்ச்சில் பாமாலைக்குத் துணை வாசிக்கிறவருக்கும், கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து மெல்லிசை வாசிக்கிறவருக்கும் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

இன்னொன்று. நம் ஊரில் சாக்ஸ் என்றதும் கத்ரி கோபால்நாத் நினைவு வரும். அவர் கர்நாடக இசைக்குப் பழக்கியது டெனரைவிடச் சிறிய ஆல்டோ சாக்ஸ். ஆல்டோ வாசிப்பவர் சொல்கிற திறப்பு அளவையும் ரீட் எண்ணையும் டெனருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டெனரின் ரீடும் பெரிது, நெக்கும் பெரிது, மவுத்பீஸுக்குள் இருக்கும் இடமும் பெரிது.

ரீட்

சோதனைக்கு மூன்று ரீட் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஏற்கனவே சில நாள் வாசித்துப் பழகியவையாக இருக்கட்டும். பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த ரீட் அரை மணிக்கு ஒரு குணம் காட்டும். அதை வைத்து மவுத்பீஸைத் தீர்மானித்தால், நீங்கள் சோதித்தது ரீடைத்தான்.

திறப்பு கூடக் கூட ரீட் மெலிய வேண்டும். 1.7 முதல் 1.9 மி.மீ. வரையிலான திறப்புக்கு இரண்டரை அல்லது மூன்று, 2.1 முதல் 2.4 வரை இரண்டரை, 2.5க்கு மேல் இரண்டு அல்லது இரண்டரை என்று தொடங்கலாம். ரீட் எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இது தொடக்கம் மட்டுமே. பழைய மவுத்பீஸில் மூன்றாம் எண் ரீட் வாசித்தவர் அதையே புதியதில் மாட்டி, “காத்து போகவே மாட்டேங்குது” என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அரை எண் குறைத்திருந்தால் அதே மவுத்பீஸ் பேசியிருக்கும்.

ரீடை ஒன்றிரண்டு நிமிடம் சுத்தமான தண்ணீரில் போட்டு எடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகக் காற்று அடிக்கும் நாட்களில் திறந்தவெளியில் ரீட் மிகச் சீக்கிரம் காயும். ஒரு சரணம் முடிந்து பாடகர் அடுத்ததை எடுப்பதற்குள் நுனி அலையலையாக நெளிந்துவிடும். நெளிந்த நுனி மவுத்பீஸோடு ஒட்டாது, கீச்சிடும். மறுபடி நனைத்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் மெல்ல நீவினால் பெரும்பாலும் நேராகும். நேராகும் வரை மவுத்பீஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ரீடை மாட்டும்போது அதன் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஒன்றாக நிற்க வேண்டும். நேராகப் பார்த்தால் ரீடுக்கு மேல் ஒரு மயிரிழை கறுப்பு தெரியலாம், அதற்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும். லிகேச்சர், அதாவது ரீடைப் பிடித்துக் கட்டும் வளையத்தின் திருகுகளை ரீட் நகராத அளவுக்கு முடுக்கினால் போதும். எபோனைட் மவுத்பீஸ்களின் வெளிச்சுற்றளவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பழைய லிகேச்சர் புதியதில் தொளதொளவென்று இருந்தால் சோதனைக்கு மட்டுமாவது பொருத்தமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணால் பார்ப்பது, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது

ரீடைக் கழற்றிவிட்டு மவுத்பீஸைச் சன்னல் பக்கம் பிடியுங்கள். சன்னல் போல வெட்டிய திறப்பின் இரண்டு பக்கமும் ஓடுகிற வரம்புகள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நுனி வரம்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரோ சற்றுக் குறைவாகவோ, இடமிருந்து வலம் ஒரே சீராக வளைந்திருக்க வேண்டும். நகத்தை நுனி வரம்பின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் நகம் தட்டினால் அங்கே சிராய்ப்பு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத சிராய்ப்பு போதும், மென்மையாகத் தொடங்குகிற ஸ்வரமெல்லாம் காற்றோடு கலந்து வரும்.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடிக் கடையில் 6 மி.மீ. தடிமனில் கையளவு துண்டு ஒன்று வாங்கி, வெட்டிய ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பைக் மெக்கானிக் டேப்பட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜும் வேண்டும், அதில் மிக மெல்லிய 0.05 மி.மீ. தகடுதான் நமக்கு. எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். மவுத்பீஸின் தட்டையான பகுதியை, ரீட் உட்காரும் பக்கத்தை, கண்ணாடியின் மேல் வையுங்கள். பின்பக்கம் மெல்ல அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடினால் அந்தத் தட்டை புடைத்திருக்கிறது, அதில் ரீட் சரியாக உட்காராது.

அதே நிலையில் நுனிப் பக்கமிருந்து 0.05 தகட்டைக் கண்ணாடியோடு படுக்கவைத்தபடி உள்ளே விடுங்கள். தள்ள வேண்டாம், அதன் போக்கில் போய் நிற்கட்டும். நிற்கிற இடத்தை இடது வரம்பிலும் வலது வரம்பிலும் கவனியுங்கள். டெனரில் நுனியிலிருந்து அந்த இடம் பெரும்பாலும் 23 முதல் 27 மி.மீ. வரை இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நின்றால் வெட்டு நேர். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ரீடின் ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் மூடும், மேலிருந்து கீழே தாவுகிற இடங்களில் கீச்சொலி எழும். பெரிய பெயர் பொறித்த மவுத்பீஸிலும் இந்தக் கோணல் இருக்கக்கூடும். தகடு எஃகு, மவுத்பீஸ் ரப்பர் என்பதை மறக்க வேண்டாம். இரவல் மவுத்பீஸாக இருந்தால் உடையவரிடம் கேட்டுவிட்டே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கண்ணாடியும் தகடும் இல்லாதவருக்கு வாயே போதும். நனைத்த ரீடை மாட்டி, பின் துளையை உள்ளங்கையால் இறுக்க மூடிக்கொண்டு, முன்பக்கம் வாய் வைத்துக் காற்றை உள்ளிழுங்கள். ரீட் நுனியோடு ஒட்டிக்கொள்ளும். வாயை எடுத்த பிறகும் ஓரிரு நொடி ஒட்டியிருந்து ‘டப்’ என்று விட வேண்டும். வாயை எடுத்ததுமே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. ரீடை மாற்றிப் பாருங்கள். மூன்று ரீடிலும் அப்படியே என்றால் தட்டையிலோ வரம்பிலோ குறை. ஒரு ரீடில் மட்டும் என்றால் அந்த ரீடின் அடிப்பக்கம் வளைந்திருக்கிறது.

அசல் எபோனைட்தானா என்ற சந்தேகமும் பலருக்கு வரும். எபோனைட் என்பது ரப்பரோடு நூற்றுக்கு முப்பது பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் கெட்டியாக்கியது. பக்கத்தில் குமரி மாவட்டத்து எஸ்டேட்டுகளில் வடிக்கிற பால்தான் இதற்கும் மூலம். பின் கழுத்தைக் கட்டைவிரலால் அரை நிமிடம் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் ரப்பரும் கந்தகமும் கலந்த வாடை லேசாக வரும். உள்ளே அச்சில் வார்த்த கோடு நீளமாகத் தெரிந்து, வாடையும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்பதாலேயே மோசம் என்று ஆகாது. டோனை முக்கியமாகத் தீர்மானிப்பது உள்வடிவம், பொருள் அதற்குப் பிறகுதான். ஆனால் எபோனைட் விலை கொடுத்து பிளாஸ்டிக் வாங்க வேண்டியதில்லை.

கார்க்கில் ஏற்றுவது

புது மவுத்பீஸ் நெக்கின் நுனியில் உள்ள கார்க்கில் இறுக்கமாக இருந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். கார்க்கைத் தேய்த்துவிட்டுப் பிறகு இந்த மவுத்பீஸ் வேண்டாம் என்று முடிவானால் பழையது ஆட ஆரம்பிக்கும். கார்க் கிரீஸ் தடவி, திருகிக்கொண்டே ஏற்றுங்கள். அப்போது நெக்கின் அடிப்பகுதியைப் பிடிக்க வேண்டும். ஆக்டேவ் கம்பியைச் சேர்த்துப் பிடித்தால் அது வளைந்துவிடும், அடுத்து ஜி வாசிக்கும்போது ஸ்வரம் தானாக மேலே தாவும். தொளதொளவென்று இருந்தால் பிளம்பர் சுற்றுகிற டெஃப்ளான் டேப்பைக் கார்க்கின் மேல் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் சோதனைக் காலம் வரை தாங்கும்.

மேல் பற்கள் பதிகிற இடத்தில் ரப்பர் பேட்ச் ஒட்டுவது அவசியம். கடித்த தடம் விழுந்த மவுத்பீஸை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். 0.8 மி.மீ. பேட்ச் போதும். கரண்டு வேலைக்கான இன்சுலேஷன் டேப் வேண்டாம், அதன் பசை மவுத்பீஸில் தங்கும், வாய்க்கும் நல்லதில்லை.

வாய்க்குள் எவ்வளவு எடுப்பது? ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டு ஒன்றை விட்டால் அது ஓரிடத்தில் நிற்கும். கீழுதடு அந்த இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். நீளமாக வெட்டிய மவுத்பீஸில் இந்த இடம் உள்ளே தள்ளியிருக்கும். பழைய பழக்கத்தில் நுனியை மட்டும் கவ்வினால் டோன் சன்னமாகி, மவுத்பீஸ் மந்தம் என்று தோன்றும்.

சுருதி

போனில் டியூனரும் சுருதிப்பெட்டி ஆப்பும் இருந்தால் போதும். டியூனரில் பி பிளாட் மாற்றத்தை எடுத்துவிட்டுச் சாதாரண சுருதியில் வையுங்கள்.

முதலில் மவுத்பீஸை மட்டும் ஊதுங்கள். டெனர் மவுத்பீஸ் மேல் ஸ்தாயி ஜி, அதாவது ஐந்து கட்டை சத்தத்துக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டும் என்பது செவ்வியல் வாசிப்பவர் வைத்திருக்கும் அளவு. மெல்லிசையும் ஜாஸும் வாசிக்கிறவர்கள் உதட்டைத் தளர்த்தி அதற்கும் கீழே, இரண்டு கட்டை வரை ஊதுவார்கள். ஐந்து கட்டையைத் தாண்டி மேலே போனால் கடிக்கிறீர்கள், இல்லையென்றால் ரீட் கடினம். அடுத்து நெக்கை மட்டும் சேர்த்து ஊதுங்கள். மூன்று கட்டை, அதாவது ஈ வர வேண்டும். இந்த ஈ ஆடாமல் பத்து நொடி நிற்கும் இடத்தில் மவுத்பீஸை நிறுத்தி, கார்க்கில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பழைய மவுத்பீஸின் கோட்டோடு இது ஒத்துப்போகாது, போகவும் வேண்டாம். உள்ளறை, அதாவது மவுத்பீஸுக்குள் இருக்கும் இடம் பெரிதாக இருந்தால் உள்ளே தள்ள வேண்டும், சிறிதாக இருந்தால் வெளியே இழுக்க வேண்டும். பழைய இடத்திலேயே வைத்து ஊதிவிட்டு “சுருதி சேரலை” என்று சொல்வது இந்த மவுத்பீஸுக்குச் செய்கிற அநியாயம்.

பிறகு முழு சாக்ஸ். சுருதிப்பெட்டியை ஆறரைக் கட்டையில் வைத்தால் டெனரில் விரல் வைக்கிற சி உங்களுக்கு ஸ, ஜி உங்களுக்கு ப. கீழ் ஸ, நடு ஸ, மேல் ஸ மூன்றையும் நீட்டி வாசித்துச் சுருதியோடு கரைகிறதா கேளுங்கள். அதன்பின் லோ பி பிளாட்டுக்கு விரல் வைத்து, அதே விரலில் தொண்டையை மாற்றி ஒரு ஸ்தாயி மேலே உள்ள பி பிளாட்டை எழுப்புங்கள். எழுந்ததும் அதே ஸ்வரத்தை வழக்கமான விரலில் வாசியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதி என்றால் இந்த மவுத்பீஸும் உங்கள் சாக்ஸும் ஒத்துப்போகின்றன. நடு ஸ்தாயி சேர்ந்த பிறகும் உள்ளங்கைக் கீயில் வரும் மேல் டி, ஈ பிளாட், எஃப் மூன்றும் தூக்கலாகவே நின்றால் முதலில் உதட்டைத் தளர்த்துங்கள், அடுத்து மெல்லிய ரீட் போடுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் அந்த உள்ளறை உங்கள் சாக்ஸுக்குச் சிறிது. மேல் ஸ்வரங்கள் தொய்ந்தே நின்றால் பெரிது. 1920, 30களில் செய்த சாக்ஸ் கையில் இருப்பவர்கள் பெரிய உள்ளறையிலிருந்து தொடங்குவது நல்லது, அந்தக் காலத்துக் குழாய்கள் பெரிய அறையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் கணக்குப்படி சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூற்றில் மூன்று பங்கு) ஏறும். குழாய்க்குள் இருப்பது வாய்க்காற்று என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் போட்ட கோட்டை வைத்துக்கொண்டு, சித்திரையில் கோயில் கொடைக்கு 37 டிகிரி வெயிலில் நின்றால் கீபோர்டுக்கு மேலே மிதப்பீர்கள். ஆகவே இரண்டு இடத்திலும் வாசித்து இரண்டு கோடு போடுங்கள். வெயிலில் வெளியே இழுக்க வேண்டி வரும்போது, மவுத்பீஸ் ஆடாமல் நிற்கிற அளவுக்குக் கார்க் மிச்சம் இருக்கிறதா என்பதும் சோதனையில் சேரும்.

வாசித்துப் பார்ப்பது

இந்த இடத்தில்தான் நேரம் கொடுக்க வேண்டும். மெதுவான வாசிப்பிலிருந்து தொடங்குங்கள், சத்தமாக ஊதினால் எல்லா மவுத்பீஸும் பேசும். லோ டியிலிருந்து பி பிளாட் வரை நாக்கு வைக்காமல், மூச்சு மட்டும் கொடுத்து, எவ்வளவு மெல்லத் தொடங்க முடிகிறது என்று பாருங்கள். ஸ்வரம் வருவதற்கு முன் ‘புஸ்’ஸென்று காற்று அதிக நேரம் வந்தால் ரீட் கடினமாக இருக்கலாம், நுனி வரம்பு தடிமனாகவும் இருக்கலாம். மெல்லிய ரீடில் சரியானால் முதலாவது, சரியாகாவிட்டால் இரண்டாவது. கீழ் ஸ்வரங்கள் ‘படபட’வென்று நடுங்கினால் லைட் விட்டு மறுபடி பேடைப் பாருங்கள். கசிவே இல்லையென்றால் உள்ளறை அளவு பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மவுத்பீஸை அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் நடுக்கம் நிற்கிறதா என்பது உடனே பார்க்கக்கூடிய சோதனை.

நடு டி எல்லா டெனரிலும் கொஞ்சம் அடைத்தாற்போல்தான் இருக்கும். சி, டி, ஈ மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்து, பழைய மவுத்பீஸைவிட அடைப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் நாக்குத் தட்டு. ஒரே ஸ்வரத்தில் நிமிடத்துக்கு 100 தாளத்தில் தட்டுக்கு நான்காக வைத்துத் தட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு விழுங்கப்பட்டால் ரீடை ஒரு மயிரிழை கீழே இறக்கி மறுபடி தட்டிப் பாருங்கள்.

கமகம் வாசிக்கிறவருக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் பழகிய காதுகள் இந்தப் பக்கம் நிறைய, ஸ்வரத்துக்கு ஸ்வரம் படியேறினால் உடனே கண்டுகொள்வார்கள். நடு ஸ்தாயி பி-யை விரல் மாற்றாமல் உதட்டால் மட்டும் கீழே இழுங்கள். அரை ஸ்வரமாவது உடையாமல் இறங்கி, அதே வழியில் திரும்ப ஏற வேண்டும். திறப்பு அகலமாகவும் அறை பெரிதாகவும் இருந்தால் இது சுலபம். குறுகிய திறப்பில் சுருதி அழுத்தமாக நிற்கும், ஆனால் இழுத்தால் வராது. தோடியும் பைரவியும் வாசிக்க நினைப்பவர் இதற்காகவே 2.4 மி.மீ. பக்கம் போகலாம். பாமாலையும் கீர்த்தனையும் பாடகர் குழுவோடு வாசிக்கிறவருக்கு நிற்கிற சுருதிதான் முக்கியம், அவர் குறுகிய பக்கமே இருக்கட்டும்.

இப்போது டோன். சன்னல் வழியாக உள்ளே பார்த்தால் நுனிக்குப் பின்னால் ஒரு சரிவு தெரியும். அது ரீடுக்குப் பக்கமாக உயர்ந்திருந்தால் சத்தம் கூர்மையாகவும் தூரம் போவதாகவும் இருக்கும். தாழ்ந்து குழிந்திருந்தால் கனமாகவும் மெத்தென்றும் இருக்கும். பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குள் வாசிக்கிறவருக்குச் சுவரே பாதி வேலையைச் செய்துவிடும், தாழ்ந்த சரிவு அங்கே அழகு. டிசம்பர் இரவில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற வண்டியிலோ, ஊர்வலத்தில் டிரம்பெட்டுக்கும் செண்டைக்கும் நடுவிலோ அதே மவுத்பீஸ் காணாமல் போகும். மைக் இல்லாத தெரு வாசிப்பு அதிகம் என்றால் உயர்ந்த சரிவு வேண்டும். வீட்டு அறைக்குள் இனிமையாகக் கேட்டதை நம்பி வாங்கிவிட்டுத் தெருவில் தொண்டை நோக ஊதுகிறவர்கள் உண்டு. நீங்கள் அதிகம் வாசிக்கிற இடத்திலேயே ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

வாசிப்பவர் காதுக்குக் கேட்பது மண்டை எலும்பு வழியாக வருவதும் சேர்ந்தது, முன்னால் நிற்கிறவர் கேட்பது வேறு. போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, ஒரே பாட்டின் பல்லவியைப் பழைய மவுத்பீஸில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை, மறுபடி பழையதில் ஒருமுறை பதிவு செய்யுங்கள். ரீட் மாறக் கூடாது. திறப்பு வித்தியாசம் பெரிதாக இருந்து மாற்றியே ஆக வேண்டுமானால் அதே கம்பெனியில் அரை எண் மாற்றுங்கள். போன் தானாகவே சத்தத்தைச் சமன்படுத்தும், ஆகவே பதிவை வைத்து எது சத்தம் அதிகம் என்று முடிவு கட்ட முடியாது. டோனையும் சுருதியையும் மட்டும் கேளுங்கள். அன்றே கேட்பதைவிட மறுநாள் காலையில், எது எந்த மவுத்பீஸ் என்று வீட்டில் யாரையாவது மறைத்துப் போடச் சொல்லிக் கேட்டால் காது நேர்மையாகச் சொல்லும்.

ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். வாய் புதிய திறப்புக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். முதல் நாள் வராமல் நான்காம் நாள் வருகிற ஸ்வரங்கள் உண்டு. முதல் நாள் பிரமாதமாக இருந்து, ஒரு மணி நேர வாசிப்பில் உதட்டை ஓயவைக்கிற மவுத்பீஸும் உண்டு. ஆகவே ஒரு நாளாவது முழு நிகழ்ச்சி நீளத்துக்கு வாசித்துப் பாருங்கள்.

கையில் இருக்கும் வரை

எபோனைட்டுக்குப் பகை வெந்நீரும் வெயிலும். வெந்நீர் பட்டால் கறுப்பு மங்கிப் பச்சையும் பழுப்புமாக மாறும், கந்தக வாடை கிளம்பும், வாயில் கசக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ விட்டால் ரப்பர் இளகி, தட்டையான பகுதி கோணிவிடும். அதற்குப் பிறகு ‘டப்’ சோதனையில் தேறாது. கழுவக் குழாய்த் தண்ணீரே போதும். ஆனால் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும், காலையில் பிடித்து வைத்ததில் கழுவுங்கள். ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, பிறகு நிழலில் உலர்த்தல். நுனியைப் பிரஷால் தேய்க்க வேண்டாம். சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் ரீடில் பூஞ்சை பிடித்து மவுத்பீஸுக்கும் வாடை ஏறும்.

திருப்பி அனுப்புவதாக முடிவானால் பேட்சை ஓரத்திலிருந்து விரலாலேயே மெல்ல உரித்தெடுங்கள், பிளேடு வேண்டாம். பசை ஒட்டியிருந்தால் ஒரு துளி சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பெட்டியில் போடும்போது ரீடும் லிகேச்சரும் மவுத்பீஸில் மாட்டியபடி இருக்கக் கூடாது. வழியில் பெட்டி அழுந்தினால் லிகேச்சர் நகர்ந்து நுனி வரம்பில் கோடு போடும். மூடியைத் தனியாக, துணியில் சுற்றிய மவுத்பீஸைத் தனியாக வைத்து, அனுப்பும் முன் நுனியையும் பல் படும் இடத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.